வேலி கடந்த பொறுப்பு

1948-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், விஸ்கான்சின் ஆற்றை ஒட்டிய பண்ணை ஒன்றில் காய்ந்த புல் தீப்பற்றிப் பரவியது. அடுத்த நிலத்துக்காரர் தம் மனைவியையும் இளைய மகளையும் அழைத்துக்கொண்டு தீயணைக்க விரைந்தார். அவருக்கு வயது 61. தீயோடு போராடிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பு ஏற்பட்டு, அயலாரின் மண்ணில் உயிர்துறந்தார். அவர்தான் ஆல்டோ லியோபோல்ட். இருபதாம் நூற்றாண்டின் சூழலியல் சிந்தனைக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர். ஒரு வாரத்துக்கு முன்புதான் அவருடைய கட்டுரைத் தொகுப்பை வெளியிட ஒரு பதிப்பகம் இசைந்திருந்தது. மறு ஆண்டு வெளிவந்த அந்நூலை அவர் கண்ணால் காணவில்லை.

அவருடைய வாழ்க்கையை நான் ஆழ்ந்து படிக்கத் தொடங்கியதற்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. எங்கள் ஊர் ஏரிக்குக் கீழே, பாட்டனார் காலந்தொட்டு எங்களுக்கு இரண்டரை ஏக்கர் நஞ்சை இருந்தது. தந்தையார் மறைந்தபின், உடன்பிறந்தோர் நால்வரும் கூடிப் பேசி அதனை மனைப்பிரிவுக்கு விற்றோம். விற்பனைப் பத்திரத்தில் நானும் கையொப்பமிட்டேன். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. வைத்திருந்தால் வரவைவிடச் செலவு மிகுதி. விற்றால் வயல் இல்லை. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று இருக்க முடியுமா என்ற கேள்வி அன்றுமுதல் என்னை விடவில்லை. லியோபோல்ட் வாழ்நாளின் பிற்பாதியைச் செலவிட்டது ஏறத்தாழ இதே கேள்விக்குத்தான்.

1887 ஜனவரி 11-ஆம் நாள், அயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றின் மேட்டுக்கரையில் அமைந்த பர்லிங்டன் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் மேசைகள் செய்யும் தொழிற்சாலை நடத்தியவர், வேட்டைப் பிரியர். ஆயினும், பறவைகள் இனப்பெருக்கத்துக்குச் செல்லும் வசந்த காலத்தில் நீர்ப்பறவைகளைச் சுடுவதைச் சட்டம் தடுக்கும் முன்னரே தாமாகக் கைவிட்டவர். எவரும் கட்டாயப்படுத்தாமல் ஒருவர் தமக்குத்தாமே எல்லை வகுத்துக்கொள்ளும் காட்சியை மகன் சிறுவயதிலேயே வீட்டில் கண்டார்.

யேல் பல்கலைக்கழகத்தில் வனவியல் பயின்று 1909-இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்த அவர், அரிசோனா, நியூ மெக்சிகோ பகுதிகளில் பணியாற்றினார். ஓநாய்களை ஒழித்தால் மான்கள் பெருகும் என்று அக்காலத்து அதிகாரிகள் நம்பியதை அவரும் நம்பினார், சுடவும் செய்தார். அது பிழை என்பதைப் பின்னாளில் உணர்ந்து வெளிப்படையாக எழுதினார். 1912-இல் எஸ்டெல்லா பெர்கெரை மணந்தார். அடுத்த ஆண்டே கடுமையான சிறுநீரக நோய்க்கு ஆளாகி ஓராண்டுக்கு மேல் பணிக்குத் திரும்ப இயலாதிருந்தார். தேறி எழுந்து, நியூ மெக்சிகோவின் கீலா வனப்பகுதியைச் சாலைகள் அண்டாத காடாகவே விட்டுவைக்க வேண்டுமென வாதாடி, 1924-இல் வெற்றி கண்டார். உலகில் அரசு காட்டியல்பாகவே காக்க ஒதுக்கிய முதல் நிலப்பரப்புகளுள் அதுவும் ஒன்று.

அரசு நிலத்தைக் காப்பதற்கு அரசாணை போதும். அதே ஆண்டில் விஸ்கான்சினின் தலைநகரான மேடிசனுக்கு மாற்றலாகி வந்தபோதுதான் அதைவிடக் கடினமான சிக்கலை அவர் எதிர்கொண்டார். அங்கே நிலம் பெரும்பாலும் தனியாருடையது. மண்ணரிப்பும் ஓடைகள் தூர்வதும் பறவைகள் மறைவதும் தனித்தனி வேலிகளுக்குள் நிகழ்ந்தன. அவற்றின் விளைவோ வேலி தாண்டி அனைவரையும் தாக்கியது. உழவனுக்கு உத்தரவிட அரசுக்கு அதிகாரமில்லை. எல்லா நிலத்தையும் விலைக்கு வாங்க அரசிடம் பணமும் இல்லை.

1931-இல் மேடிசனுக்கு மேற்கே ரைலி என்ற சிற்றூரில் ஒரு சிறிய சோதனையைத் தொடங்கினார். உழவர்கள் நிலத்தையும் புதர்களையும் விட்டுக்கொடுத்தனர். நகரத்து வேட்டைக்காரர்கள் பறவைகளுக்கான தீனி முதலிய செலவுகளை ஏற்றனர். 1933-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அமர்த்தியது. அமர்த்தியது விலங்கியல் துறையில் அன்று, வேளாண் பொருளியல் துறையில். மறு ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில், பொதுநலன் காக்கும் வகையில் நிலத்தைப் பேணும் தனியாருக்குப் பொதுமக்கள் பலனளிக்க வேண்டும் என்ற கருத்தை முன்வைத்தார். நிலம் காப்பதன் நன்மை ஊருக்கு, இழப்பு மட்டும் உழவனுக்கு என்ற கணக்கு நெடுங்காலம் நில்லாது என்பதை அவர் தெளிவாகக் கண்டிருந்தார்.

அதே காலத்தில் மாநிலத்தின் தென்மேற்கில் கூன் வேலி என்ற பள்ளத்தாக்கில், மண்ணரிப்பைத் தடுக்கும் நாட்டின் முதல் நீர்ப்பிடிப்புப் பகுதித் திட்டம் தொடங்கியது. லியோபோல்ட் அதற்கு ஆலோசகர். நூற்றுக்கணக்கான உழவர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டனர். சரிவுகளில் மேய்ச்சலைத் தவிர்த்துச் சமமட்ட வரிசையில் பட்டைப் பட்டையாகப் பயிரிட்டால், அரசு ஆட்களையும் கருவிகளையும் விதையையும் தரும். பள்ளத்தாக்கு பசுமை பெற்றது. ஆனால் இத்தகைய ஒப்பந்தங்களுக்கு ஆயுள் ஐந்தாண்டுகள். காலம் முடிந்ததும் மாநிலமெங்கும் உழவர்கள் தமக்கு உடனடி லாபம் தந்த முறைகளை மட்டும் தொடர்ந்தனர். ஊருக்கு நன்மை தந்தவற்றைக் கைவிட்டனர். அதைக் கண்டு லியோபோல்ட் ஆழ்ந்த ஏமாற்றமடைந்தார். பணம் இல்லாமல் நிலத்தைக் காக்க இயலாது. பணத்தால் மட்டும் காத்தாலோ பணம் தீரும் நாளில் காப்பும் தீர்ந்துவிடும். அவருடைய நிலவறம் என்ற கருத்து நூலகத்தில் பிறந்ததன்று. இந்த ஏமாற்றத்திலிருந்து எழுந்தது என்றே நான் கருதுகிறேன்.

அவர் தம்மையே சோதனைக்கு உட்படுத்திக்கொண்டார். 1935-இல் பாராபூ அருகே, உழுது உழுது சத்திழந்து கைவிடப்பட்ட ஒரு மணற்பாங்கான பண்ணையை வாங்கினார். அதில் நின்றிருந்த ஒரே கட்டடம் கோழிக்கொட்டகை. அதைத் தூய்மை செய்து தங்குமிடமாக்கினார். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் அவரும் வார இறுதிகளில் அங்கு வந்து பல்லாயிரக்கணக்கான பைன் கன்றுகளை நட்டனர். தொடக்க ஆண்டுகளின் வறட்சியில் பெரும்பாலானவை கருகின, மீண்டும் நட்டனர். உழவருக்கு அறிவுரை சொன்ன பேராசிரியர், காய்ந்த கன்றின் முன் உழவராகவே நின்றார். அவர் உயிர் பிரிந்த அன்று, தீ அடுத்து எட்டவிருந்தது அந்தப் பைன்களைத்தான்.

அவர் மறைந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, 1960-களின் பிற்பகுதியில், அக்கொட்டகையைச் சூழ்ந்த நிலங்களின் உரிமையாளர்கள் ஒன்றுகூடினர். ஆற்றங்கரையில் விடுமுறை இல்லங்கள் பெருகிவந்த காலம் அது. தத்தம் நிலத்தில் அத்தகைய கட்டுமானம் நிகழாதவாறு காக்க அவர்கள் தமக்குள் உடன்பட்டனர். லியோபோல்டின் பெயரால் ஒரு காப்பு நிலம் உருவானது. நிலம் எவருடைய கையையும் விட்டுப் போகவில்லை. அதன் எதிர்காலம் மட்டும் காக்கப்பட்டது.

இதே எண்ணத்துக்குச் சட்ட வடிவம் தந்ததுதான் அமெரிக்கர்கள் கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் என்று அழைக்கும் பாதுகாப்பு வசதியுரிமை. நம் ஊர்ப் பத்திரங்களில் வண்டிப்பாதை பாத்தியதை என்று எழுதுகிறோமே, அது ஒரு வசதியுரிமை. நிலம் என்னுடையது, அதன் வழியே செல்லும் உரிமை மட்டும் அடுத்த வயல்காரருடையது. நில உரிமை என்பது ஒற்றைப் பொருளன்று, பல உரிமைகளின் கட்டு. அதிலிருந்து ஒன்றை மட்டும் உருவிக் கொடுக்கலாம். அமெரிக்க உரிமையாளர் உருவிக் கொடுப்பது மனை பிரித்து வீடு கட்டும் உரிமையை. அதை ஓர் அறக்கட்டளைக்கோ அரசு அமைப்புக்கோ பதிவுப் பத்திரத்தின் மூலம் அளிக்கிறார். அதன்பின் அவர் அங்கேயே வாழலாம், உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம். ஆனால் வாங்குபவரையும் பிள்ளைகளையும் அந்தக் கட்டுப்பாடு தொடரும். பத்திரம் பெற்ற அமைப்பு அந்நிலத்தைத் தொடர்ந்து கண்காணிக்கும்.

பலன் என்ன? பத்து லட்சம் டாலர் பெறும் நிலம், கட்டுப்பாட்டுக்குப் பின் ஆறு லட்சம்தான் பெறும் என்று வைத்துக்கொள்வோம். குறைந்த நான்கு லட்சம் அவர் பொதுமக்களுக்கு அளித்த கொடையாகக் கருதப்படும். 2015-இல் நிரந்தரமாக்கப்பட்ட விதிப்படி, ஆண்டு வருமானத்தில் பாதிவரை இக்கொடைக்காகக் கழித்துக்கொள்ளலாம். தகுதியுள்ள உழவர் முழு வருமானத்தையும் கழிக்கலாம். கழித்தது போக எஞ்சியதை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். நிலமதிப்பு குறைவதால் வாரிசுகள் செலுத்தும் மரபுரிமை வரியும் குறையும். வரி கட்டுவதற்காகவே தாத்தாவின் நிலத்தைப் பேரன் விற்கும் அவலம் இதனால் தவிர்க்கப்படுகிறது. சில மாநிலங்களில் இவ்வுரிமையை அரசே பணம் கொடுத்து வாங்குவதும் உண்டு.

இதில் குறைகளும் இல்லாமல் இல்லை. நிலமதிப்பைப் பொய்யாக உயர்த்திக் காட்டி, முதலீட்டாளர் கூட்டங்கள் வரிச்சலுகையைச் சுரண்டின. 2022-இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி அதற்குக் கடிவாளமிட வேண்டியிருந்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத சிறு உழவருக்கு வரிக்கழிவால் என்ன பயன் என்ற கேள்வியும் நிற்கிறது. இன்று வாழ்பவர் இடும் கையொப்பம், பிறக்காத தலைமுறைகளின் கையையும் கட்டலாமா என்று கேட்போரும் உளர். ஆனால் மனைப்பிரிவுக்கு இடும் கையொப்பமும் பிறக்காத தலைமுறைகளைக் கட்டத்தான் செய்கிறது. கான்கிரீட் போட்ட வயலை எந்தப் பேரனும் மீண்டும் உழப்போவதில்லை.

நம் நாட்டில் 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் இன்றும் நடப்பிலுள்ளது. ஆனால் அது, ஒரு நிலத்தின் நன்மைக்காக மற்றொரு நிலத்தின்மீது உள்ள உரிமையையே வசதியுரிமை என ஏற்கிறது. அருகில் நிலமில்லாத ஓர் அறக்கட்டளை, பறவைகளுக்காகவோ ஏரிக்காகவோ அத்தகைய உரிமையைப் பெற அதில் இடமில்லை. அமெரிக்காவுக்கும் ஆங்கிலேய மரபுச் சட்டம் விட்டுச்சென்ற தடை இதுவே. 1981-இல் அங்கு ஒரு மாதிரிச் சட்டம் வகுக்கப்பட்டது. பெரும்பாலான மாநிலங்கள் அதையோ அதையொத்த சட்டங்களையோ இயற்றி அத்தடையை நீக்கிக்கொண்டன. நாமும் நீக்கலாம். வரிக்கழிவைவிட, நேரடி ஆண்டுத்தொகையே நம் சிறு உழவருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆனால் சட்டம் வந்தால் மட்டும் போதுமா? ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் முடிவில் லியோபோல்ட் கண்ட ஏமாற்றம் நமக்கும் எச்சரிக்கை. பணம் உழவனின் இழப்பை ஈடுசெய்யும். பத்திரம் காலத்தை நீட்டிக்கும். நிலத்தை மதிக்கும் மனத்தை இரண்டுமே தரமாட்டா. அதை அவர் பத்திரம் எழுதித் தரவில்லை. அயலாரின் நிலத்தில் எரிந்த தீயை அணைக்க ஓடித் தந்தார். அவருடைய அண்டை நிலத்தவர்கள் பின்னாளில் ஒன்றுகூடியதற்கு அதுவே வித்து என்று நம்புகிறேன்.

எங்கள் இரண்டரை ஏக்கரில் இப்போது எல்லைக்கற்கள் நிற்கின்றன. மழைக்காலத்தில் ஏரி நீர் பழைய வாய்க்காலைத் தேடி வந்து, மனைகளின் நடுவே தேங்கி நிற்கிறது. என் கையொப்பத்தைத் திரும்பப் பெற முடியாது. ஏரிக்குக் கீழே இன்னும் மீதமிருக்கும் வயல்களின் சொந்தக்காரர்களுக்காவது, வைத்திருப்பதற்கும் விற்பதற்கும் நடுவே மூன்றாவது பத்திரம் ஒன்று எழுதும் வாய்ப்புக் கிடைக்க வேண்டும்.