நீதிபதி ராஜகோபால ஐயங்கார்

கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சிக் கடையில் மருந்து வாங்கும் ஏழைக் குடியானவன், நீதிபதி ஸ்ரீ என். ராஜகோபால ஐயங்காரின் பெயரைக் கேட்டிருக்க மாட்டான். ஆயினும் அவன் கொடுக்கும் விலைக்கும் அன்னாரது உழைப்புக்கும் நெருங்கிய சம்பந்தமுண்டு.

1899-ஆம் வருஷம் பிறந்த ஐயங்கார், சென்னையில் வக்கீலாகப் புகழ் பெற்று ஹைக்கோர்ட் நீதிபதியானார். வியாபாரக் குறிகளைப் பற்றி 1955-இல் அவர் தந்த அறிக்கை, 1958-ஆம் வருஷச் சட்டத்துக்கு அடிகோலிற்று. பின்னர், வெள்ளையராட்சியின் 1911-ஆம் வருஷப் பேடெண்ட் சட்டத்தை ஆராயும் பொறுப்பும் அவரிடமே வந்தது.

இந்தியாவில் வழங்கப்பட்ட பேடெண்டுகளில் மிகப் பெரும்பாலானவை அந்நியர் வசமிருப்பதையும், அவற்றிற் பல இங்கு தொழிலாகவே நடத்தப்படாததையும் அவர் கண்டார். அதற்காகப் பேடெண்டே கூடாதென்றாரில்லை. மருந்திலும் உணவிலும் செய்முறைக்கு உரிமை கொடுக்கலாம், பொருளுக்குக் கொடுக்கலாகாது என்று 1959-இல் சிபார்சு செய்தார். வெல்லம் காய்ச்சப் புதுமுறை கண்டவன் அம்முறைக்கு உரிமை கோரலாம். வெல்லமே தன்னுடையதென்று சொல்லலாமா? இதுவே அதன் சாரம்.

1960 முதல் 1964 வரை சுப்ரீம் கோர்ட்டில் வீற்றிருந்தார். ‘நவரத்ன’ என்ற மருந்துக் குறியைப் பற்றிய 1964-ஆம் வருஷ வழக்கில், பதிவான குறியின் சாரத்தை ஒருவன் எடுத்தாண்டால், மேலுறையை மாற்றி ஒட்டுவதால் மட்டும் தப்ப முடியாதென்று தீர்த்தார். உழைத்தவன் பெயரைக் காப்பதிலும் அவர் உறுதி குன்றவில்லை.

அவர் சிபார்சைத் தழுவிய சட்டம் 1970-இல் நிறைவேறி, 1972-இல் அமலுக்கு வந்தது. மருந்துச் செய்முறையின் உரிமை ஏழாண்டுக்கு மிகாதென்றாயிற்று. நம் நாட்டார் வேறு முறைகளில் அதே மருந்துகளைச் செய்யக் கற்றனர்; விலை இறங்கிற்று. உலக வர்த்தக உடன்படிக்கையின் நிர்ப்பந்தத்தால் 2005-இல் பொருளுக்கும் பேடெண்ட் திரும்ப வந்துவிட்டது.

எனினும் அவர் வலியுறுத்திய கட்டாய லைசென்ஸ் இன்றும் சட்டத்தில் நிற்கிறது. 2012-இல் அதைக் கொண்டே, மாதம் சுமார் 2,80,000 ரூபாய் விற்ற புற்றுநோய் மருந்தை 8,880 ரூபாய்க்கு மிகாமல் விற்க ஓர் இந்தியக் கம்பெனிக்கு அனுமதி கிடைத்தது. ஷரத்து இருந்தும் அது எடுத்தாளப்படுவது அபூர்வம். சட்டம் செய்தவர் தம் கடமையை முடித்துச் சென்றார். அதைப் பிரயோகிக்க வற்புறுத்துவது நம் கடமை.