கட்டைவிரல் கேட்காத ஆசான்

மேடவாக்கம் கூட்டு ரோட்டில் கூட்டம் முடிந்து மேடையைவிட்டு இறங்கினேன். ஷிப்டு முடிந்து நேரே வந்திருந்த தோழர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். மகன் நூலக, தகவல் அறிவியலில் முதுகலை முடித்து, டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறானாம். நெறியாளர் என்று ஒருவர் இருக்கிறாராம். அவரைப் பார்க்கப் பையன் வாரக்கணக்கில் வாசலில் நிற்கிறானாம். எழுதிக் கொடுத்த தாள்கள் பிரிக்கப்படாமலே கிடக்கின்றனவாம். நெறியாளர் என்றால் என்ன வேலை செய்பவர் என்று கேட்டார் அந்தத் தந்தை.

கேள்வி சிறிது, அதில் இருந்த வேதனை பெரிது! வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு வீணானால் அது ஓராண்டுதான். உழைப்பாளி வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு வீணானால், அது தங்கையின் படிப்பு, தாயின் மருந்து, தந்தையின் முதுகெலும்பு! எனவே, அந்தத் தோழருக்கு அந்தத் துறையின் தந்தையின் கதையையே பதிலாகச் சொன்னேன். இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

சீர்காழியில் 1892ஆம் ஆண்டு பிறந்தவர் எஸ்.ஆர். அரங்கநாதன். ஆறு வயதில் தந்தையை இழந்தார். பேசும்போது திக்குவாய் தடுத்தது. படிக்க வந்த இடம் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. இன்று நம் தாம்பரத்தில் மரங்களுக்கிடையே நிற்கிறதே, அதே கல்லூரிதான். அன்று அது ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937இல்தான் தாம்பரத்துக்கு வந்தது. அங்கே எட்வர்டு ராஸ் என்ற கணிதப் பேராசிரியர் அவருக்கு ஆசானாக வாய்த்தார். நல்ல ஆசான் ஒருவர் எப்படி இருப்பார் என்பதை அரங்கநாதன் கண்டு கற்றது அவரிடத்தில்தான்.

கணக்கு வாத்தியாராக மங்களூரிலும் கோவையிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் வேலை பார்த்தார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக அமர்த்தப்பட்டார். போன சில நாட்களிலேயே சலிப்பு! மாணவர் இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று பழைய கல்லூரிக்கே திரும்பத் துடித்தார். லண்டனுக்குப் போய் நூலகக் கலையைப் பயின்று வா, பிறகு பார்க்கலாம் என்று அனுப்பி வைத்தார்கள்.

அங்கே அவருக்கு நெறியாளராக வாய்த்தவர் பெர்விக் சேயர்ஸ். குராய்டன் நகர நூலகத்தின் தலைவர். நூல்களை வகைப்படுத்தும் கலையில் பெரும் புலவர். அவர் அரங்கநாதனைத் தன் அறை வாசலில் நிறுத்தவில்லை. ஊர் ஊராக நூலகங்களைப் போய்ப் பார்க்க வழி செய்தார். லண்டன் கடையொன்றில், துளைபோட்ட தகடுகளையும் திருகாணிகளையும் பூட்டிப் பல உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுச் சாமானைப் பார்த்தார் அரங்கநாதன். பொறி தட்டியது! பட்டறைத் தோழனுக்கு இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டியே பெட்டி செய்து வைப்பானேன்? உறுப்புகளைச் செய்து வைப்போம், வேண்டியபோது பூட்டிக்கொள்வோம். நெல் ஓர் உறுப்பு. நோய் ஓர் உறுப்பு. தடுப்பு, தஞ்சை, ஆண்டு ஒவ்வொன்றும் ஓர் உறுப்பு. சேர்த்துப் பூட்டினால், தஞ்சையில் இன்ன ஆண்டில் நெல்நோய் தடுத்ததைச் சொல்லும் நூலுக்கு இடம் கிடைத்துவிடுகிறது. 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை இதுதான்.

திரும்பி வந்தவர், பூட்டிக் கிடந்த அலமாரிகளைத் திறந்துவிட்டார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற முன்னின்றார். மறு ஆண்டே நூலகர்களுக்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. 1931இல் ஐந்து விதிகளை நூலாக்கினார். நூல் பூட்டி வைக்க அல்ல, படிக்க. ஒவ்வொருவருக்கும் உரிய நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்காதே. நூலகம் வளரும் உயிர். இவைதாம் அந்த ஐந்தின் சாரம். 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், இந்தியாவின் முன்னோடிச் சட்டம், அவருடைய இடைவிடாத உழைப்பின் விளைவு.

அரங்கநாதன் எந்தக் குலத்தில் பிறந்தார் என்பதை நாம் மறைக்கவில்லை. அவருடைய பக்தி வேறு. நம் பகுத்தறிவு வேறு. ஆனால், படிக்காதே என்று பூட்டிய கைகளைக் கண்டிக்கும் நாம், படி என்று திறந்துவிட்ட கையைப் பாராட்டத் தயங்குவோமா?

டில்லிப் பல்கலைக்கழகத்தில் அவர் இருந்த ஆண்டுகளில், நூலக அறிவியலில் உயர்பட்டப் படிப்பும் ஆராய்ச்சியும் வேர் ஊன்றின. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆய்வு வட்டத்தார் அவர் வீட்டில் கூடுவார்கள். இந்தியாவில் இத்துறையின் முதல் டாக்டர் பட்டத்தை அவரது வழிகாட்டுதலில் பெற்றார் கிருஷ்ணராவ். எடுத்த பொருள் என்ன தெரியுமா? வேளாண்மை நூல்களை வகைப்படுத்துவது! 1962இல், தம் எழுபதாவது வயதில், மற்றவர்கள் சாய்வு நாற்காலி தேடும் பருவத்தில், பெங்களூரில் ஆவண ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1965இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்ற சிறப்பைப் பெற்றார். 1972 செப்டம்பர் 27 அன்று மறையும்வரை கற்பித்தலே அவர் மூச்சு.

இன்னொன்றும் கேளுங்கள். 1956இல், துணைவியார் சாரதாவின் பெயரால் நூலக அறிவியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கொடுத்தார். அன்றைய ஒரு லட்சம்! வாழ்நாளெல்லாம் சேர்த்த பணம்!

புராணத்தில் ஒரு குரு வருகிறார். வேடன் மகன் ஏகலைவனுக்குப் பாடம் சொல்லவில்லை. ஆனால் தட்சணையாகக் கட்டைவிரலைக் கேட்டு வாங்கிக்கொண்டார். வரலாற்றில் ஓர் ஆசான் வருகிறார். பாடமும் சொன்னார், தம் பணத்தையும் கொடுத்தார். எவர் ஆசான்? நீங்களே தீர்ப்புக் கூறுங்கள்!

இன்று விதிமுறைக்குக் குறைவில்லை. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டு ஆராய்ச்சி மாணவருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு பருவத்திலும் ஆலோசனைக் குழுவின் முன் மாணவர் தம் பணியை எடுத்துரைக்க வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வகுத்த விதிகள் இவை. எண்ணிக்கையை விதி எண்ணிவிடும். அக்கறையை எந்த விதி எண்ணும்? வாசகரின் நேரத்தை வீணாக்காதே என்ற நாலாவது விதி, மாணவரின் நேரத்துக்குப் பொருந்தாதா?

ஆகவே, அந்தத் தோழருக்கு நான் சொன்னது இதுதான். நெறியாளர் வாசற்காவலர் அல்ல, வழித்துணைவர். மாணவன் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அந்தக் குழுவின் முன் தன் ஏட்டை வைக்கட்டும். படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்று பணிவோடும் துணிவோடும் கேட்கட்டும். அது யாசகம் அல்ல, அவன் உரிமை. நாளை அவனே நெறியாளர் நாற்காலியில் அமர்வான். அன்று தன் வாசலில் ஒரு பிள்ளையைக் காக்க வைக்காதிருப்பானானால், அதுவே அரங்கநாதனுக்கு அவன் செலுத்தும் தட்சணை.

தோழர் சிரித்தார். தாம்பரம் பஸ் வந்தது. ஏறிக்கொண்டார்.