மன்றோ துரை

சென்னைத் தீவுத்திடலருகே, சேணமும் அங்கவடியும் இன்றிக் குதிரைமீது வீற்றிருக்கும் வெண்கல உருவினை நம் சங்கத்தார் பலரும் கண்டிருப்பர். விடுமுறையில் ஊர் செல்லுங்கால் பஸ்ஸிலிருந்து நோக்கி, யாரோ ஒரு வெள்ளைக்காரர் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டும் இருப்பர். நாமும் பல்லாண்டு அவ்வாறே இருந்தோம். மும்பையிலிருந்து சென்னை செல்லும் இருப்புப் பாதையில், குந்தக்கல்லை அடுத்துள்ள குத்தியிலேதான் அவர் முதலில் அடக்கம் செய்யப்பட்டார் என்று ஒரு நாள் அறிந்தோம். அதன் பின்னரே ஸர் தாமஸ் மன்றோவின் வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஆவல் நமக்கு உண்டாயிற்று.

மன்றோ 1761-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரிலே பிறந்தார். தந்தையார் அமெரிக்க நாட்டு வர்ஜீனியாவுடன் வாணிகம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போரினால் அவ்வாணிகம் நொடித்தது. மகனார் கும்பினிப் படையிற் சேர்ந்து 1780 ஜனவரியில் சென்னை வந்திறங்கினார். ஹைதர் அலியுடனும் திப்புவுடனும் நிகழ்ந்த போர்களிலே பங்குகொண்டார். அக்கதை பலரும் அறிந்ததே, விரிக்க வேண்டுவதில்லை.

1792-இல் திப்புவிடமிருந்து பாரமகால் சீமை கும்பினியார் வசமாயிற்று. இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளே அவை. காப்டன் அலெக்ஸாண்டர் ரீடு என்பாரின் கீழ் மன்றோ அங்கே உதவி அதிகாரியாய் அமர்ந்து ஏழாண்டுகள் உழைத்தார். தருமபுரியிலே தாம் வைத்து வளர்த்த தோட்டத்தின்பால் அவருக்கிருந்த பற்றுப் பெரிது.

அக்காலத்தே வங்காளத்தில் காரன்வாலிஸ் பிரபு ஜமீன்தார்களை நிலைநிறுத்தி, அவர்கள் வழியே வரி வாங்க 1793-இல் ஏற்பாடு செய்தார். ரீடும் மன்றோவும் பிடித்த வழி வேறு. வயல்வயலாக அளந்து, மண்ணின் தரம் பார்த்துத் தீர்வை விதித்து, உழுகின்ற குடியானவன் பெயருக்கே பட்டா கொடுப்பது அம்முறை. கிஸ்தி கட்டும்வரை நிலத்தை அவனிடமிருந்து பறித்தலாகாது. அவன் அதனை விற்கலாம், அடகு வைக்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். இதுவே ரயத்துவாரி முறை எனப் பெயர்பெற்றது.

1800-இல் நிஜாம் விட்டுக்கொடுத்த பல்லாரி, கடப்பைச் சீமைகளுக்கு மன்றோ கலெக்டரானார். அங்கே சுமார் 80 பாளையக்காரர்களைப் படைவலியால் அடக்கினார். கட்டபொம்மன் நாடகத்தை மேடையேற்றி மகிழ்ந்த நம் போன்றோர்க்கு இச்செய்தி உவப்பாயிராது. ஆயினும் மறைத்தல் முறையன்று. 1807-இல் தாய்நாடு திரும்புமுன், தீர்வையை நூற்றுக்கு 25 வீதம் குறைக்க வேண்டுமென்று அவர் எழுதினார். மேலிடத்தார் அப்போது செவிசாய்க்கவில்லை. ஊர்களைக் குத்தகைக்கு விட்டுப் பார்த்தனர், அது பாழாயிற்று.

1814-இல் நீதித்துறைச் சீர்திருத்தத்தின் பொருட்டு மீண்டும் வந்தார். 1816-ஆம் ஆண்டுச் சட்டங்களினால் கிராமத் தலைவர்க்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் கிடைத்தது. போலீசு அதிகாரம் கலெக்டர் கைக்கு வந்தது. 1820-இல் அவரே சென்னைக் கவர்னரானார். ரயத்துவாரி மீண்டும் நிலைபெற்றது. 1822-இல் மாகாணத்துப் பள்ளிகளையெல்லாம் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகள், அதாவது ஆயிரம் பேருக்கு ஒன்று வீதம், இருப்பதாகத் தெரியவந்தது. திண்ணைப் பள்ளிகளைக் கண்டு நகைத்த துரைமார் பலர்; எண்ணிப் பார்த்தவர் இவர். இந்நாட்டாரை உயர்ந்த பதவிகளினின்று விலக்கி வைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும் என்றும், தம்மைத் தாமே ஆளும் நிலையை அவர்கள் அடையுங்கால் ஆங்கிலேயர் விலகுதல் நலம் என்றும் 1824-இல் எழுதி வைத்தார்.

இவ்வளவும் கூறிய பின் ஒன்றைக் கூறாதிருத்தல் இயலாது. எம் பாட்டனாரின் தகரப் பெட்டியிலே தருமபுரிப் பக்கத்துப் புன்செய் நிலத்தின் பழைய பட்டா ஒன்று இருந்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் கடன் வாங்கிக் கிஸ்தி கட்டி, முடிவில் கடனுக்கே நிலத்தை ஈடுகொடுத்துவிட்டுப் பிழைப்பைத் தேடி இப்பக்கம் வந்தது எம் குடும்பம். பட்டா கொடுத்த உரிமையினாலேதான் நிலம் எமதாயிருந்தது. அவ்வுரிமையினாலேதான் அதனை ஈடுவைக்கவும் முடிந்தது. விளையினும் விளையாதொழியினும் ரொக்கமாகத் தீர்வை என்னும் நிலை பல தலைமுறைக்குக் குடியானவனை வாட்டியது. குறைக்கச் சொன்னவரும் மன்றோ. அம்முறையை நாட்டினவரும் மன்றோ. அவரை முழுதும் போற்றவோ முழுதும் தூற்றவோ எம்மால் ஆகவில்லை.

பதவி துறக்க இசைவு கேட்டு, அடுத்த கவர்னரை எதிர்நோக்கியிருந்த காலத்தே, தாம் முன்பு ஆண்ட சீமைகளை இறுதியாக ஒருமுறை கண்டுவரப் புறப்பட்டார். 1827 ஜூலை 6-ஆம் நாள் பத்திகொண்டாவிலே காலரா கண்டு உயிர்துறந்தார். குத்தியில் அடக்கம் செய்யப்பெற்ற உடல் 1831-இல் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. மந்திராலயத்தில் ராகவேந்திர சுவாமிகள் பிருந்தாவனத்தினின்று எழுந்து அவரோடு உரையாடியதாகப் பக்தர்கள் இன்றும் கூறுவர். அவர் ஆண்ட அத்தெலுங்குச் சீமையின் குடியானவர்கள் தம் பிள்ளைகளுக்கு மன்றோலப்பா என்று பெயரிட்டு அழைத்தனர்.