கொருக்குப்பேட்டைத் தியாகராயர்

கொருக்குப்பேட்டை என்றதும் சென்னை வாசிகளுக்கு நினைவு வருவன ரயில்வே கேட்டும், அதன் முன் காத்து நிற்கும் ஜனங்களும், மெதுவாகக் கடந்து செல்லும் சரக்கு வண்டிகளுமே. உழைத்து உண்ணும் மக்கள் நெருங்கி வாழும் பேட்டை அது. நகரின் தென்பகுதியிலுள்ள தியாகராய நகரமோ பட்டும் பொன்னும் விற்கும் கடைவீதிகளால் பெயர் பெற்றது. அவ்வூரின் பெயரை ஜனங்கள் தி.நகர் என்று சுருக்கிவிட்டனர். சுருங்கிய பெயருக்குள் அடங்கிக் கிடக்கும் மனிதரையும் மறந்துவிட்டனர். அந்த மனிதர் பிறந்த இடம் கொருக்குப்பேட்டை.

சர் பிட்டி தியாகராய செட்டியார் 1852ம் வருஷம் ஏப்ரல் மாதம் 27ம் தேதி பிறந்தார். அவருடைய தந்தையார் அய்யப்ப செட்டியார், தாயார் வள்ளியம்மாள். நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட தேவாங்கர் குடும்பம் அது. இக்காலத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும்தோறும் வட சென்னையில் பல வீடுகளில் ஒரே கேள்வி எழுகிறது. பிள்ளை தேறிவிட்டான், இனிக் கலாசாலைக்கு அனுப்புவதா, கூலிக்கு அனுப்புவதா என்பதே அக்கேள்வி. இதற்கு விடை தேடுவோர் தியாகராயரின் சரித்திரத்தை ஒருமுறை திரும்பிப் பார்ப்பது நலம்.

தியாகராயர் 1876ல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றார். அந்நாளில் பட்டதாரி என்பவர் அரிய பொருள். பட்டம் பெற்றவர்கள் சர்க்கார் உத்தியோகத்தை நாடுவது வழக்கமாயிருந்தது. இவரோ தம் குடும்பத் தொழில்களுக்குத் திரும்பினார். தோல் பதனிடுதல், உப்பளம், சுண்ணாம்பு முதலிய தொழில்களில் அவர் குடும்பம் ஈடுபட்டிருந்தது. சுமார் நூறு கைத்தறிகள் கொண்ட நெசவுச்சாலை ஒன்றையும் அவர் நடத்தினார். விசைநாடாத் தறியை அங்கே புகுத்தினார். பிட்டி என்னும் பெயருடன் வெளிவந்த கைக்குட்டைகள் நாடெங்கும் புகழ் பெற்றன. 1909ல் தென்னிந்திய வர்த்தக சங்கம் தோன்றியபோது அதனைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராய் நின்று, பின்னர்ப் பல்லாண்டு அதன் தலைவராகவும் விளங்கினார். எப்பொழுதும் வெள்ளை உடையே தரித்தமையால் வெள்ளுடை வேந்தர் என்று ஜனங்கள் அவரை அழைத்தனர். கல்வி ஒரு மனிதனைத் தன் தெருவினின்றும் தன் தொழிலினின்றும் பிரித்துவிட வேண்டியதில்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

1882ல் அவர் சென்னை நகரசபையில் அங்கத்தினரானார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அச்சபையில் பணி புரிந்தார். குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் ஆகிய இவற்றைப் பற்றிய வாதங்களில் புகழ் கிடைப்பது அரிது. பெரிய மேடைகளையே நாடும் அரசியல்வாதிகளுக்கு நகரசபைக் கூட்டம் சலிப்பூட்டும். தியாகராயர் சலிப்படையவில்லை. ஏழைகளின் வாழ்வு எந்தச் சபையில் தீர்மானிக்கப்படுகிறதோ அந்தச் சபையை அவர் விடாமல் பற்றியிருந்தார். வண்ணாரப்பேட்டையிலே ஒரு பள்ளிக்கூடம் தோன்றி வளரவும் காரணமாயிருந்தார். பிற்காலத்தில், 1950ல், அவர் பெயரைத் தாங்கிய கலாசாலையும் பழைய வண்ணாரப்பேட்டையில் ஏற்பட்டது.

அவருடைய அரசியலைக் குறித்து நாம் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. தொடக்கத்தில் அவர் சென்னை மகாஜன சபையிலும் காங்கிரஸிலும் ஈடுபட்டவர். 1916ல் டாக்டர் டி.எம். நாயர், டாக்டர் சி. நடேச முதலியார் ஆகியோருடன் கூடித் தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைக் கண்டார். ஜஸ்டிஸ் கட்சி எனப் பின்னர் வழங்கியது அதுவே. அவ்வாண்டு டிசம்பரில் அவர் வெளியிட்ட பிராமணரல்லாதார் அறிக்கை தேசிய வாதிகளைக் கொதிக்கச் செய்தது. அந்நிய ஆட்சி நிலைத்திருக்க வேண்டுமென்று அவர் கட்சி கருதியதைத் தேசிய இயக்கம் ஒருபோதும் ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. ஆயினும் அவ்வறிக்கையில் ஒரு கணக்கு இருந்தது. இம்மாகாணத்தில் பட்டம் பெறுவோர் யார், உத்தியோகம் பெறுவோர் யார், ஜனத்தொகையில் அவர்கள் பங்கு எவ்வளவு என்பதே அக்கணக்கு. எழுதியவர்களிடம் கோபங்கொண்டோம், கணக்குக்கு விடை கூற மறந்தோம். கலாசாலையின் வாயில் யாருக்குத் திறந்திருக்கிறது என்று கேட்பது தேசத்துரோகமாகாது. சுயராஜ்யம் அடைந்த பின்னரும் அக்கேள்வி நம்மை விட்டு அகலவில்லை.

அவரிடத்தும் குறைகள் உண்டு. 1921ல் பக்கிங்ஹாம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்புப் பகுதியிலே கலகம் மூண்டது. ஆதிதிராவிடரின் துயரத்தை உணர்ந்து அவர்களை அணைத்துக்கொள்ள வேண்டிய வேளையில், தியாகராயரின் கட்சி அவர்கள் மீதே பழி சுமத்தியது. அதனால் மனம் நொந்த எம்.சி. ராஜா பின்னர் அக்கட்சியை விட்டு விலகினார். ஏழைகளின் பெயரால் பேசுகிற இயக்கம் தன்னினும் ஏழைகளைக் கைவிடுமாயின், அஃது அவ்வியக்கத்தின் சரித்திரத்திலே கறையாகவே நிற்கும். மறுபக்கத்துக் குறையையும் சொல்லிவிட வேண்டும். 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் சென்னைக்கு வந்தபோது பகிஷ்காரம் நடந்தது. அன்று அகிம்சையை மறந்த ஒரு கூட்டம் தியாகராயரின் இல்லத்தைத் தாக்கியது. கொள்கையில் மாறுபட்ட முதியவர் ஒருவரின் வீட்டைத் தாக்குவது சுயராஜ்யத்திற்கு வழியன்று.

பதவிப் பற்று அவரிடம் இருந்ததாக அவருடைய எதிரிகளும் கூற முடியாது. 1920ம் ஆண்டுத் தேர்தலில் அவர் கட்சி வென்றது. மந்திரிசபை அமைக்குமாறு கவர்னர் வில்லிங்டன் பிரபு அவரை அழைத்தார். அவர் மறுத்துவிட்டார். சுப்பராயலு ரெட்டியார் முதல் மந்திரியானார். தியாகராயர் நகரசபையிலேயே இருந்தார்.

அந்த ஆண்டிலேதான், மந்திரி பதவியைவிட நீண்ட ஆயுள் பெற்ற ஒரு காரியம் நடந்தது. ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த நகரசபைப் பள்ளியில் பிள்ளைகள் எண்ணிக்கை நிலைக்கவில்லை. அங்கே படித்த பிள்ளைகள் மிக ஏழைகள். வறுமை அவர்களைப் பள்ளியினின்றும் இழுத்துச் சென்றது. 1920 செப்டம்பர் 16ம் தேதி, தியாகராயர் தலைமையில் கூடிய நகரசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அப்பள்ளி மாணவர்களுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்குவது என்பதே அத்தீர்மானம். ரூபாய்க்குப் பதினாறு அணா. நூறு பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு ஆறே கால் ரூபாய்க்கு மேல் ஆகாது. பெருநகரம் ஒன்றின் கஜானாவுக்கு இது தூசு. ஒரு வேளைக் கஞ்சிக்கு வழியில்லாத வீட்டுக்கோ, பிள்ளையைப் பள்ளியில் வைத்திருப்பதா வேலைக்கு அனுப்புவதா என்பதை அந்த ஓர் அணாவே தீர்மானித்தது.

இதிலுள்ள புதுமையை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தர்மம் செய்தோர் சென்னையில் முன்னும் உண்டு. 1794ல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறநிதி நெடுங்காலம் வழக்கில் கிடந்து, நீதிமன்றத்தால் மீட்கப்பட்டு, 1842ல் பள்ளிக்கூடமாக மலர்ந்தது. ஏழை இந்துப் பிள்ளைகளுக்கு அங்கே ஊதியமின்றிக் கல்வி கிடைத்தது. அதன் பெருமையை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அது செல்வர் ஒருவரின் கருணையிலிருந்து பிறந்தது. தியாகராயரின் அணாவோ ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து வந்தது. ஏழைப் பிள்ளை உண்பது பிச்சையன்று, நகரத்தின் கடமை என்று ஒரு சபை தீர்மானம் எழுதியது. சம்பளம் வாங்காத பள்ளியும் ஏழைக்கு முழு இலவசமாகிவிடாது. பசி ஒரு சம்பளம், பிள்ளை இழக்கும் கூலி மற்றொரு சம்பளம் என்பதை அத்தீர்மானம் ஒப்புக்கொண்டது.

சிற்றுண்டி பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. பலன் கண்கூடாயிற்று. 1922-23ல் அப்பள்ளிகளில் 811 ஆக இருந்த மாணவர் தொகை 1924-25ல் 1,671 ஆயிற்று. இரண்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல் உயர்ந்தது. ஆயினும் ஆரம்பக் கல்விக்கென்று ஒதுக்கிய நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவிட அந்நிய சர்க்கார் இணங்கவில்லை. எந்தக் கணக்குத் தலைப்பில் செலவை எழுதுவது என்ற வழக்கு எழுந்தது. 1925 ஏப்ரல் 1ம் தேதி சிற்றுண்டி நிறுத்தப்பட்டது. அம்மாதம் 28ம் தேதி, எழுபத்து மூன்று வயது நிரம்பிய மறுநாள், தியாகராயர் காலமானார். தாம் வைத்த அடுப்பு அணைந்ததைக் கண்டுவிட்டே அவர் கண்ணை மூடினார்.

அடுப்பு நிரந்தரமாக அணைந்துவிடவில்லை. நகரசபை 1927ல் மீண்டும் அதனை மூட்டியது. 1956ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு மாகாணமெங்கும் பரவத் தொடங்கியது. 1982ல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 செப்டம்பரில் அரசுப் பள்ளிகளிலே காலை உணவும் வந்தது. வெவ்வேறு கட்சியினர், வெவ்வேறு கொள்கையினர். யாவரும் ஓர் அணாத் தீர்மானத்தின் வாரிசுகளே.

பள்ளி வாயிலைப் பற்றிய வழக்கு இவ்வாறு பெரும்பாலும் தீர்ந்தது. இன்று வழக்கு கலாசாலை வாயிலுக்கு நகர்ந்திருக்கிறது. இங்கும் நல்முயற்சிகள் இல்லாமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 2010-11 முதல் தன்னைச் சேர்ந்த கலாசாலைகளில் ஏழை மாணவர்களுக்கு இலவசக் கல்வித் திட்டம் ஒன்றை நடத்தி வந்துள்ளது. தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்க்கு நூற்றுக்கு ஏழரை இடம் 2021ல் சட்டமாயிற்று. அவ்விடங்களில் சேர்வோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசாங்கமே ஏற்கும் என்று அவ்வாண்டே அறிவிக்கப்பட்டது. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உபகாரச் சம்பளம் 2022 செப்டம்பரில் வட சென்னையிலுள்ள பாரதி மகளிர் கல்லூரியில் தொடங்கப்பட்டது. ஆண்களுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. இவற்றையெல்லாம் நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் தியாகராயரின் சரித்திரம் இரண்டு பாடங்களைக் கற்பிக்கிறது. முதலாவது, கட்டணத்தை நீக்குவது பாதி வேலையே. கொருக்குப்பேட்டைப் பிள்ளைக்குக் கலாசாலைச் சம்பளம் இல்லையென்றாலும் வண்டிச் செலவு உண்டு, புத்தகம் உண்டு, நடுப்பகல் பசி உண்டு, அவன் கொண்டுவரக்கூடிய தினக்கூலியை எதிர்பார்த்திருக்கும் தாயும் தங்கைகளும் உண்டு. இவற்றையும் கணக்கில் எழுதுகிற திட்டமே இலவசக் கல்வி எனப்படும். இரண்டாவது பாடம், சட்டம் பயின்ற எமக்கு இன்னும் கூர்மையாகத் தோன்றுவது. 1925ல் ஏழைப் பிள்ளைகளின் இலையைப் பறித்தது கல்நெஞ்சம் மாத்திரமன்று. கணக்குத் தலைப்பும் ஆகும். தீர்மானம் நல்லதாயிருந்தது, அதற்கு நிதி எங்கிருந்து வரும் என்பது உறுதியாயிருக்கவில்லை. உத்தரவால் பிறப்பது உத்தரவால் மறையக்கூடும். ஆதலின் உபகாரச் சம்பளங்கள் யார் ஆண்டாலும் நிறுத்தமுடியாத உரிமையாகச் சட்டத்தில் எழுதப்பட வேண்டும்.

அதுவரை ஊரார் கைகட்டி இருக்க வேண்டியதில்லை. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் தொழில் நடத்துவோரும், வியாபாரிகளும், தொழிற் சங்கத்தாரும் ஒன்று கூடட்டும். தம் தெருக்களில் பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய ஏழைப் பிள்ளைகள் இன்னின்னார் என்று கணக்கெடுக்கட்டும். சர்க்கார் உதவி எது, அதற்கு மனுச் செய்வது எவ்வாறு என்று அப்பிள்ளைகளுக்குச் சொல்ல வக்கீல்களும் ஆசிரியர்களும் மாலையில் ஒரு மணி நேரம் அமரட்டும். உதவி எட்டாத இடத்தில் வண்டிச் செலவையும் பகலுணவையும் ஊர் ஏற்கட்டும். தியாகராயரின் உருவச் சிலைக்கு மாலை சூட்டும் அன்பர்கள் அந்த மாலையின் விலையையும் இந்நிதியில் சேர்ப்பார்களாக. ஓர் அணாவின் கணக்குப் பார்த்த அந்த வெள்ளுடை மனிதருக்கு அதைவிடச் சிறந்த மரியாதை வேறில்லை.