டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

தீராத நோய் என்று மருத்துவர் சொன்னபின் நோயாளிக்குச் செய்யத்தக்கது யாதுளது? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்.

மதுரைக்கு வடகிழக்கே உள்ள புதுக்கோட்டையில், 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள், நாராயணசாமி ஐயருக்கும் சந்திரம்மாளுக்கும் மகளாராய்ப் பிறந்தார். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில், ஊரார் எதிர்ப்பிற்கிடையே, அரசரின் இசைவு பெற்றுச் சேர்ந்தார். பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, 1912-இல் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டசபையின் துணைத் தலைவராகித் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் 1947-இல் நிறைவேறிற்று.

அம்மையாரின் அன்புத் தங்கையார் இளமையிலேயே புற்றுநோயால் மாண்டார். மருத்துவம் கற்ற தமக்கை அருகிருந்தும் அவரைக் காக்க இயலவில்லை. அத்துயரமே பெருந்தொண்டின் வித்தாயிற்று. புற்றுநோய் கண்டோர் மாளத்தான் போகின்றனர், அவர்க்கென மருத்துவமனை எழுப்புதல் வீண் செலவு என்று அதிகாரத்திலிருந்தோரே கருதிய காலம் அது. அம்மையார் தளர்ந்தாரல்லர். வீடுதோறும் நிதி திரட்டினார். 1952-இல் நேரு பெருமகனார் அடிக்கல் நாட்ட, 1954-இல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955-இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தனர். 1956-இல் பத்மபூஷண் விருது பெற்ற அம்மையார் 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் மறைந்தார்.

அம்மையார் விதைத்த எண்ணம் எத்துணை உண்மையானது என்பதைக் கணையப் புற்றுநோய் ஒன்றே காட்டும். கணையத்தின் தலைப்பகுதியில் எழும் கட்டி, அதனூடே செல்லும் பித்தநாளத்தை நெருக்குகிறது. வழியடைபட்ட பித்தநீர் குருதியில் கலக்க, உடல் மஞ்சளாகும், சிறுநீர் கறுக்கும், மலம் வெளிறும், ஓயாத அரிப்பு உறக்கத்தைக் கெடுக்கும், உணவு வெறுக்கும். மதுரையைச் சூழ்ந்த சிற்றூர்களில் காமாலை என்றதும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நாட்கடத்துவோர் உளர். இக்குறிகளைக் கண்டால் காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுதல் வேண்டும்.

கட்டி பெருங்குருதிக் குழாய்களைச் சூழ்ந்துவிட்டாலோ, ஈரலுக்குப் பரவிவிட்டாலோ, அதனை அறுத்தெடுத்தல் அரிது. எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. வாய்வழியே எண்டோஸ்கோப் கருவியைச் செலுத்திப் பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்னும் சிறு குழாயைப் பொருத்துவர். பிளாஸ்டிக் குழாய் சில திங்களில் அடைபடக்கூடும். உலோக வலைக்குழாய் அதனினும் நெடுநாள் திறந்திருக்கும். அவ்வழி இயலாதாயின், விலாப்புறத் தோலின் வழியே ஈரலுட் குழாய் செலுத்திப் பித்தநீரை வடிப்பர். சிலருக்கு அறுவை செய்து பித்தநாளத்தைக் குடலுடன் இணைப்பதுமுண்டு. வலிக்கு மார்பின் முதலிய மருந்துகள் உள. இவை நோயைத் தீர்ப்பனவல்ல. ஆயினும் காமாலை தணியும், அரிப்பு நீங்கும், நோயாளி உண்டு உறங்கி உற்றாருடன் சில திங்களேனும் அமைதியாய் வாழ்வர்.

மாணவ நண்பர்களே, குணமாவோர்க்கு மட்டுமே மருத்துவம் என்று எண்ணியிருந்தால் அடையாற்று மருத்துவமனை எழுந்திராது. நம் இல்லத்திலோ அண்டை வீட்டிலோ தீரா நோயுற்றோர் இருப்பின், இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று கைவிடாது, அவர் துன்பந்தணிக்கும் வழியைக் கேட்டறிந்து உதவுவோமாக. அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன்.