சோகப் படம் எடுத்த ரித்விக் கட்டக்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

காசு கொடுத்துப் படம் பார்க்கப் போகிறவன் கவலையை மறக்கத்தானே போகிறான்? அங்கேயும் பசி, நோய், பிரிவு, சாவு என்று காட்டினால் அவன் எங்கேதான் போவான்? மனத்துக்கு ஊக்கம் தரும் கதைகள் எத்தனையோ இருக்க, சில இயக்குநர்கள் மட்டும் ஏன் இருளையே தேடிப் போகிறார்கள்? ஆய்வுக்கூட வாசலில் ஒரு பிற்பகல் இந்தக் கேள்வி எங்களுக்குள் வாக்குவாதமாகி, மணி அடித்த பிறகும் ஓயவில்லை. அன்று நான் ஊக்கப் படங்களின் கட்சி. அதன் பிறகு வங்காளத்தைச் சேர்ந்த ஒரு கலைஞரின் வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். அவர் எடுத்த படங்களில் சிலவற்றையும் பார்த்தேன். இப்போது நான் எந்தக் கட்சி என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. அவர் பெயர் ரித்விக் கட்டக்.

ரித்விக் கட்டக் 1925ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் டாக்காவில் பிறந்தார். தந்தை மாவட்ட ஆட்சியராக இருந்தவர். வறுமையில் பிறந்து வறுமையைப் பாடியவர் என்று நினைத்துவிட வேண்டாம். படிப்பும் பாட்டும் நிறைந்த வீடு அது. அண்ணன் மனீஷ் கட்டக் எழுத்தாளர். அந்த அண்ணனின் மகள்தான் பிற்காலத்தில் பழங்குடி மக்களின் வாழ்வை எழுதிப் புகழ்பெற்ற மகாசுவேதா தேவி. ரித்விக்கும் அவருடைய சகோதரி ஒருவரும் இரட்டைக் குழந்தைகள். பத்மா நதிக்கரையில், ராஜ்சாகி நகரில் இளமை கழிந்தது. அந்த நதியை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

அவருடைய பதினெட்டாம் வயதில், 1943இல், வங்காளத்தைப் பஞ்சம் பிடித்தது. ஏறத்தாழ 30 லட்சம் பேர் மாண்டிருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கஞ்சித் தண்ணீர் கேட்டு மக்கள் கல்கத்தாத் தெருக்களில் விழுந்து செத்தார்கள். நான்கே ஆண்டுகளில், 1947இல், நாடு பிரிந்தது. டாக்காவும் ராஜ்சாகியும் கோட்டுக்கு அப்பால் போயின. அதற்குள் கட்டக்கின் குடும்பம் மேற்கு வங்கம் வந்து சேர்ந்துவிட்டது. லட்சக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து ரயில் நிலைய நடைமேடைகளிலேயே குடித்தனம் நடத்தினார்கள். பக்கத்து மாவட்டத்துக்குப் போவதுபோல் போய்வந்த ஊர் அயல்நாடாகிவிட்டது.

1948இல் பட்டம் பெற்ற அவர், கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் முதுகலை சேர்ந்தும் முடிக்கவில்லை. இந்திய மக்கள் நாடக மன்றத்தில் சேர்ந்து நாடகம் எழுதினார், நடித்தார், ஊர் ஊராகப் போனார். பிறகு சினிமாவுக்கு வந்தார். நாடகத்தைவிடச் சினிமா அதிகப் பேரைச் சென்றடையும் என்பதே காரணம். அதைவிட வலிய கருவி ஒன்று கிடைத்தால் சினிமாவையும் விட்டுவிடத் தயாராக இருந்தவர் அவர்.

முதலில் நிமாய் கோஷ் இயக்கிய ‘சின்னமூல்’ (1950) படத்தில் உதவி செய்தார், நடிக்கவும் செய்தார். வேரறுந்த அகதிகளைப் பற்றிய படம் அது. இந்த நிமாய் கோஷ் நமக்கு அந்நியர் அல்லர். சென்னைக்கு வந்து தங்கி, 1960இல் எம்.பி. சீனிவாசன் இசையில் ‘பாதை தெரியுது பார்’ என்னும் தமிழ்ப் படத்தை இயக்கியவர் இவரே.

கட்டக் தாமே இயக்கிய முதல் படம் ‘நாகரிக்’, அதாவது குடிமகன். வேலை தேடி அலையும் ஓர் இளைஞனின் கதை. 1952இல் முடிந்தது. சத்தியஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ வந்ததே 1955இல்தான் என்பதை நினைவில் வையுங்கள். ஆனால் ‘நாகரிக்’ வெளிவரவில்லை. பெட்டிக்குள் கிடந்தது. 1955இல் அவர் சார்ந்திருந்த பொதுவுடைமைக் கட்சியும் அவரை வெளியேற்றியது. அதே ஆண்டில் திருமணமும் நடந்தது. குடும்பம் நடத்தப் பணம் வேண்டுமே! பம்பாய்க்குப் போய்க் கதை எழுதினார்.

இந்த இடத்தில்தான் என் நண்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். மக்களுக்குப் பிடித்த கதையை எழுதத் தெரியாததால் சிலர் சோகப் படம் எடுக்கிறார்கள் என்று அன்று ஒருவர் வாதிட்டார். 1958இல் பிமல் ராய் இயக்கத்தில் திலீப் குமாரும் நம் வைஜயந்திமாலாவும் நடித்து இந்தியா முழுவதும் ஓடிய ‘மதுமதி’ படத்தின் கதை யாருடையது? ரித்விக் கட்டக்குடையது! அந்தப் படம் 9 பிலிம்பேர் விருதுகளை வாங்கியது. அந்த எண்ணிக்கையை விஞ்ச 37 ஆண்டுகள் ஆயின. அதில் இறந்த காதலி மறுபிறவி எடுத்து வந்து காதலனோடு சேர்கிறாள். அவர் விரும்பியிருந்தால் பம்பாயிலேயே இருந்து மறுபிறவிக் கதைகளை எழுதிச் செல்வராகியிருக்கலாம். கல்கத்தாவுக்குத் திரும்பினார். அங்கே அவர் எடுத்த படங்களில் செத்தவர்கள் திரும்பி வருவதில்லை.

1958இலேயே ‘அஜாந்த்ரிக்’ வந்தது. பிமல் என்னும் வாடகைக் கார் ஓட்டி, ஓட்டை உடைசலான தன் பழைய செவர்லே வண்டியை மனிதனைப் போல் நேசிக்கிறான். அதோடு பேசுகிறான், கோபிக்கிறான். கடைசியில் அது பழைய இரும்பு விலைக்குப் போகிறது. நம் பக்கத்தில் டி.வி.எஸ். 50 வைத்திருக்கும் பெரியவர்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை நன்றாகப் புரியும்.

அடுத்து 1960இல் ‘மேகே தாக்கா தாரா’. மேகம் மறைத்த விண்மீன் என்று பொருள். கல்கத்தா ஓரத்து அகதிக் குடியிருப்பில் ஒரு குடும்பம். மூத்த மகள் நீதா கல்லூரியில் படித்துக்கொண்டே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிக்கிறாள். தம்பிக்குக் காலணி, தங்கைக்குப் புடவை. அவள் செருப்பு அறுந்தபடியே இருக்கிறது. அண்ணன் சங்கர் பாடகனாகும் கனவோடு உட்கார்ந்திருக்கிறான். தந்தை விபத்தில் விழுந்ததும் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். அவள் விரும்பியவனைத் தங்கை மணந்துகொள்கிறாள். தாய் அதைத் தடுக்கவில்லை. மூத்தவள் கல்யாணமாகிப் போய்விட்டால் அடுப்பு எரியாதே! நீதாவுக்குக் காசநோய் வருகிறது. ஷில்லாங் மலையில், மருத்துவ விடுதியில், புகழ்பெற்ற பாடகனாகிவிட்ட அண்ணன் பார்க்க வரும்போது, தான் வாழவே ஆசைப்பட்டதாகச் சொல்லிக் கதறுகிறாள். அந்தக் குரல் மலைகளில் மோதி மோதித் திரும்புகிறது.

இந்தப் படத்தை நான் தனியாகப் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அக்காள் பன்னிரண்டாம் வகுப்பில் என்னைவிட அதிக மதிப்பெண் எடுத்தவள். திண்டிவனத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை செய்கிறாள். கடைசிப் பேருந்தில் அனந்தபுரம் வந்து இறங்கும்போது இரவு பத்தாகிவிடும். அவள் சாப்பிட்டுக்கொண்டே என் கைப்பேசியில் எட்டிப் பார்த்தாள். ஆங்கில எழுத்துகளைப் படித்து நான் தமிழில் சொல்லச் சொல்ல, முழுப் படத்தையும் பார்த்தாள். பாதியில் எனக்குத்தான் வாய் எழவில்லை. அவள் அழவில்லை. அந்தத் தாய் கெட்டவள் இல்லை, அவள் கண் முன்னால் சோற்றுப் பானைதான் தெரிந்தது என்று மட்டும் சொன்னாள். பிறகு, இதை எடுத்த ஆளுக்கு எத்தனை அக்காள்கள் என்று கேட்டாள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் எனக்குக் கிடைத்த ஆயிரம் ரூபாயில் ஒரு மாதம்கூட அவளுக்கென்று எதுவும் வாங்கியதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஊக்கம் தரும் படம் எதுவும் எனக்கு அதை நினைவூட்டியிருக்காது. எங்கள் வீட்டில் நான்தானே வெற்றி பெற்ற கதாநாயகன்!

மக்கள் சோகத்தை விரும்ப மாட்டார்கள் என்பவர்கள் ஒரு செய்தியைக் கேட்க வேண்டும். கட்டக்கின் படங்களில் நன்றாக ஓடியது இந்த ‘மேகே தாக்கா தாரா’தான். அடுத்த ஆண்டு, 1961இல், ‘கோமல் காந்தார்’ எடுத்தார். பிளவுபட்ட நாடகக் குழுக்களின் கதை. முடிவில் காதலர்கள் சேர்கிறார்கள், நம்பிக்கை பிறக்கிறது. பத்மா நதிக்கரையில் அறுந்து நிற்கும் ரயில் பாதையும் அதில் வருகிறது. ஒரு காலத்தில் அந்தத் தண்டவாளம் இரு வங்காளத்தையும் சேர்த்தது. நம்பிக்கையோடு முடித்த அந்தப் படம்தான் தோற்றது. அந்தத் தோல்வி அவரை மிகவும் வாட்டியது. குடிப்பழக்கம் முற்றியது.

‘சுபர்ணரேகா’ 1962இல் முடிந்து 1965இல்தான் திரைக்கு வந்தது. அகதியாக வந்த ஈஸ்வர், தங்கை சீதாவைத் தாய்போல் வளர்க்கிறான். அவளோ, தாழ்ந்த சாதி என்று தெரியவரும் அபிராமை மணந்து வெளியேறுகிறாள். பின்பு வறுமை, கணவன் கூட்டத்தின் கையில் அடிபட்டுச் சாகிறான். அவள் உடலை விற்கத் துணிந்த முதல் இரவில், குடிவெறியில் கதவைத் தட்டி வருபவன் அண்ணனே. அவள் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். இதற்குமேல் ஓர் இருட்டு உண்டா என்று தோன்றும். ஆனால் கடைசிக் காட்சியில், நரைத்துப்போன ஈஸ்வர் சீதாவின் சிறு மகனைக் கையில் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரையில் நடக்கிறான். பையன் புது வீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டே முன்னால் இழுக்கிறான்.

அண்ணன் அறியாமல் தங்கையிடமே போவது கதைக்காகக் கட்டிய தற்செயல் என்று பலர் குறை கூறினார்கள். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. ஆனால் நாம் எந்த ஊர்க்காரர்கள்? மேலச்சேரியிலும் செஞ்சியைச் சுற்றிய ஊர்களிலும் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். கர்ணன் தன் தம்பியின் அம்பால் சாகிறான். தம்பி என்று அவனுக்குத் தெரியும், அருச்சுனனுக்குத் தெரியாது. இதைத் தற்செயல் என்று எந்தப் பாட்டியாவது குறை சொன்னதுண்டா? படுகளத்தன்று மண்ணால் செய்த துரியோதனனைச் சுற்றி ஒப்பாரி வைக்கிறார்கள். 1714இல் ஆற்காட்டுப் படையோடு மோதி மாண்ட தேசிங்குராஜன் கதையின் முடிவு தெரிந்தே ஊர் முழுவதும் உட்கார்ந்து கேட்டிருக்கிறது. ஏன் மகிழ்ச்சியான கதை சொல்லவில்லை என்று கூத்தாடியை யாரும் கேட்பதில்லை. கட்டக்கும் நாட்டார் கலையிலும் புராணத்திலும் ஊறியவர். ‘சுபர்ணரேகா’வில் சிறுமி சீதாவின் எதிரே, காளி வேடம் கட்டிய ஒரு பகுரூபி திடீரென்று வந்து நிற்பான். வேடம் கட்டியவனைக் கண்டு சிறுவயதில் ஓடி ஒளிந்த நம்மில் யாருக்கும் அந்தக் காட்சிக்கு விளக்கம் தேவைப்படாது.

அவர் சோகத்தை ஏன் எடுத்தார் என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான்: வீடிழந்தவனிடம் போய் நீ ஒன்றும் இழக்கவில்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. கூத்தில் ஊரே கூடி அழுவதுபோல் ஒரு நாட்டையே கூட்டி வைத்து அழச் சொன்னார். தனியாக அழுவது வேறு, ஊரோடு அழுவது வேறு என்பது துக்க வீட்டுக்குப் போய்வந்த எல்லாருக்கும் தெரியும்.

1960களின் நடுவில் புனே திரைப்படக் கல்லூரியில் சிறிது காலம் துணை முதல்வராக இருந்தார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் ஆகியோர் அவரிடம் பயின்றவர்கள். இந்த ஜான் ஆபிரகாம்தான் 1977இல் தமிழில் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ எடுத்தவர். 1970இல் கட்டக்குக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. உடலும் மனமும் தளர்ந்து மருத்துவமனைகளில் கிடந்த காலமும் உண்டு. வங்காளதேசம் விடுதலை பெற்ற பின் அங்கே போய், அத்வைத மல்ல பர்மன் நாவலை வைத்து, மீனவர்களைப் பற்றி ‘திதாஸ் ஏக்தி நதிர் நாம்’ (1973) எடுத்தார். நதியே வற்றிப்போகிறது. பாசந்தி என்பவள் சாகும் நேரத்தில் வறண்ட மணலைத் தோண்டுகிறாள்; அவள் கண்ணுக்கு ஒரு சிறுவன் இலை ஊதலை ஊதிக்கொண்டு நெற்பயிருக்குள் ஓடுவது தெரிகிறது. கடைசிப் படத்தில் தாமே குடிகார அறிவாளியாக நடித்தார். அதில் அவர் தம்மீது இரக்கமே காட்டிக்கொள்ளவில்லை.

1976 பிப்ரவரி 6இல், ஐம்பதாம் வயதில், கல்கத்தாவில் காலமானார். முடித்த முழுநீளப் படங்கள் எட்டே எட்டு. 1952இல் எடுத்த ‘நாகரிக்’, அவர் இறந்த மறு ஆண்டு, 1977இல், முதன்முதலாகத் திரைக்கு வந்தது.

என் அக்காள் அந்த ஆளின் வேறு படம் இருக்கிறதா என்று கேட்டாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை ‘அஜாந்த்ரிக்’ காட்டினேன். கடைசியில் காயலான் கடைக்குப் போன வண்டியின் ஹாரனை ஒரு குழந்தை எடுத்து ஊதி விளையாடும் இடத்தில் அவள் சிரித்துவிட்டாள். அடுத்தது ‘சுபர்ணரேகா’. அதை அவளோடு உட்கார்ந்து பார்க்கும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.