மண்வெட்டி பிடித்த பேராசிரியர்

பொறியியல் என்றவுடன் நம் கண்முன் நிற்பவை அணைக்கட்டும் பாலமும் ஆலைப் புகைக்கூண்டுமே. இயற்கை என்றால் காடும் மலையும் கவிதையும். ஒன்று வளர்ந்தால் மற்றொன்று அழியும் என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். இரண்டையும் ஒரு சேர வளர்க்கலாம். அந்த வேலையைச் சின்னஞ்சிறு பிள்ளைகளின் கைகளிலிருந்தே தொடங்கலாம் என்று வாழ்ந்து காட்டியவர் ஒருவர் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்து நம் தமிழகத்துத் தெருக்களிலும் நடந்த அந்தப் பெரியவர்தாம் பேட்ரிக் கெடிஸ். தாவரவியல் படிக்கும் எனக்கு, அவரும் ஒரு தாவரவியல் பேராசிரியர் என்பதில் தனி மகிழ்ச்சி.

இளமை

1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பல்லட்டர் என்னும் சிற்றூரில் கெடிஸ் பிறந்தார். நம் காந்தியடிகள் பிறந்ததும் அதே அக்டோபர் 2, பதினைந்து ஆண்டுகள் கழித்து. தந்தையார் படைவீரர். பெர்த் நகருக்கருகே ஒரு குன்றின் சரிவில் குடும்பம் குடியேறியது. அங்கிருந்த வீட்டுத் தோட்டமே சிறுவனின் முதற் பள்ளி. மகனுக்கு வேதியியலில் ஆர்வம் பிறந்ததும், தந்தை தோட்டத்திலேயே ஒரு கொட்டகை போட்டு அதை ஆய்வுக்கூடமாக ஆக்கித் தந்தார். பள்ளிப்படிப்பு முடிந்தபின் கெடிஸ் சிறிது காலம் வங்கியில் எழுத்தராக இருந்தார். பிறகு அதனை விட்டுத் தச்சுப் பட்டறையில் இழைப்புளியும் உளியும் பிடித்துப் பழகினார். தச்சுவேலை பழகிய அந்தக் கைகளே பின்னாளில் நகரங்களைத் திருத்தின.

பட்டம் பெறாத பேராசிரியர்

1874இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தார். ஒரே வாரத்தில் வெளியேறினார். லண்டன் சென்று ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். கடைசிவரை அவர் பட்டமே பெறவில்லை. ஆயினும் 1888இல் டண்டியில் தாவரவியல் பேராசிரியரானார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பட்டம் என்பது எங்களுக்கு எவ்வளவு பெரிய சொல் என்பதை என் போன்ற நண்பர்கள் அறிவர். ஆகவே, பட்டம் வேண்டாம் என்பதற்குக் கெடிஸைச் சான்றாகக் காட்ட நான் முன்வரவில்லை. கொட்டகை போட்டுத் தரும் தந்தை அவருக்கு வாய்த்தார். நமக்கோ பட்டம்தான் கதவைத் திறக்கிறது. ஆனால் கதவுக்குள் நுழையும்போது கைகளை வெளியே விட்டுவிட்டு வரவேண்டியதில்லை என்பதே அவர் வாழ்வில் நான் கண்ட பாடம்.

1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது அவருக்குக் கண்பார்வை மங்கியது. வாரக்கணக்கில் இருட்டறையில் கிடந்தார். சன்னல் கண்ணாடிச் சட்டங்களை விரலால் தடவி, கட்டம் கட்டமாகத் தம் எண்ணங்களை வரிசைப்படுத்தினார். பார்வை மீண்ட பின்னும் தாளை மடித்துக் கட்டமிட்டே சிந்திப்பது அவர் வழக்கமாயிற்று. சிந்திப்பதற்கும் அவருக்குக் கை வேண்டியிருந்தது!

கோபுரமும் தோட்டங்களும்

1886இல் அன்னா மார்ட்டன் என்னும் அம்மையாரை மணந்தார். புதுமணத் தம்பதியர் குடிபுகுந்தது மாளிகையில் அன்று. எடின்பரோவின் நெரிசல் மிக்க ஏழைக் குடியிருப்பில். அக்கம்பக்கத்தாரைச் சேர்த்துக்கொண்டு முற்றத்தைக் கூட்டினார்கள், வெள்ளையடித்தார்கள், சன்னல்தோறும் பூத்தொட்டி வைத்தார்கள்.

1892இல் அந்நகரில் ஒரு பழைய கோபுரத்தைத் தம் பொறுப்பில் எடுத்தார். உச்சியிலுள்ள கண்ணாடியும் வில்லையும் நகரக் காட்சியை இருட்டறையிலுள்ள வெள்ளை மேசைமீது உயிருடன் வீழ்த்தும். முதலில் சொந்த ஊரைப் பார்க்க வேண்டும். பின்பு ஒவ்வொரு தளமாகக் கீழே இறங்க இறங்க, நகரம், நாடு, கண்டம், உலகம் என்று அறிவு விரியும். அந்தக் கருவியைக் காண இன்றும் மக்கள் செல்கின்றனர்.

அக்கோபுரத்தைச் சார்ந்த குழுவினர் பழைய நகரில் குப்பை மேடாய்க் கிடந்த காலி நிலங்களைக் கணக்கெடுத்தனர். கெடிஸின் மகள் நோரா முன்னின்று, அவற்றுள் சிலவற்றைத் தோட்டங்களாக்கினார். அத்தெருப் பிள்ளைகளே கொத்தினர், நட்டனர், நீர் பாய்ச்சினர். கல்வியில் நெஞ்சம் முதலில், கை இரண்டாவது, தலை மூன்றாவது என்பது கெடிஸின் கொள்கை. தம் மக்களையும் இளமையில் பள்ளிக்கு அனுப்பாமல், தோட்டத்திலும் கருவிகளோடும் வீட்டிலேயே பயிற்றுவித்தார்.

டன்பர்ம்லின் நகருக்குப் பூங்காத் திட்டம் கேட்டார்கள். மாசுபட்ட ஓடையைத் தூய்மை செய்யவும் பிள்ளைகளுக்குத் தோட்டம் அமைக்கவும் வழி சொல்லி ஒரு நூலே எழுதித் தந்தார். அதிற் பெரும்பகுதி ஏட்டிலேயே நின்றுவிட்டது.

தமிழகத்தில்

சென்னை ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு அழைக்க, 1914இல் நகரமைப்புக் கண்காட்சியோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். அவர் வந்து சேர்ந்தார். கண்காட்சிப் பொருள்கள் வரவில்லை. அவற்றை ஏற்றி வந்த கப்பலை, சென்னையைக் குண்டு வீசி நடுங்க வைத்த அதே எம்டன் மூழ்கடித்துவிட்டது! நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915 சனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. மகன் அலஸ்டர் உடனிருந்து உதவினார்.

தஞ்சை, மதுரை, நாகை முதலிய ஊர்களைக் காலால் அளந்து அறிக்கை எழுதினார். நேர்ச்சாலை போடுவதற்காக வீடுகளை வரிசையாக இடிப்பதை எதிர்த்தார். பாழடைந்த சிலவற்றை மட்டும் அகற்றி, அங்கே மரம் நட்டால் போதும் என்றார். கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதை அவர் ஏற்கவில்லை. மீனும் வாத்தும் விட்டால் கொசு குறையும், குளமோ ஊரைக் குளிரச் செய்யும் என்பது அவர் கருத்து. கழிவுநீர் கடலுக்கன்று, தோட்டத்துக்கே போகவேண்டும் என்றும் வாதாடினார். இயற்கையோடு இயைந்த பொறியியல் என்பது இதுவன்றோ?

1917இல் இடி மேல் இடி விழுந்தது. ஏப்ரலில் அலஸ்டர் பிரான்சுப் போர்முனையில் மாண்டார். அப்போது அன்னா கல்கத்தாவில் காய்ச்சலில் கிடந்தார். மகன் இறந்த செய்தியை மனைவியிடம் சொல்லாமலே கெடிஸ் மறைத்தார். சூனில் அவரும் மறைந்தார்.

அந்தத் துயரோடுதான் அவர் இந்தூரில் பணிபுரிந்தார். பிளேக் நோய் வருத்திய அந்நகரில், தீபாவளி ஊர்வலம் எந்தத் தெரு மிகவும் தூய்மையாக உள்ளதோ அதன் வழியே செல்லும் என்று அறிவித்தார். ஊரே போட்டியிட்டுக் கூட்டிப் பெருக்கியது. ஊர்வலத்தில் பிளேக் எலியின் பெரிய உருவம் வந்தது. துப்புரவுத் தொழிலாளர் வெள்ளாடையும் மாலையும் அணிந்து பெருமையோடு நடந்தனர். துளசிச் செடிகள் வழங்கப்பட்டன. 1919 முதல் பம்பாயில் சமூகவியல் பேராசிரியராக இருந்து, 1924இல் பிரான்சின் மோன்பெலியே நகரில் குடியேறினார். அங்கேயே 1932 ஏப்ரல் 17இல் காலமானார்.

நாம் செய்யக் கூடியது

என் தந்தையார் கொத்தனார். தூக்குக்குண்டையும் ரசமட்டத்தையும் வைத்து அவர் வாட்டம் பார்த்தால் தண்ணீர் சொன்ன வழியில் ஓடும். பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் படித்தேன்; இதுவும் இயற்பியல்தான் என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை. படித்தால் இந்த வேலை செய்ய வேண்டியிராது என்று மட்டும் பலர் சொன்னார்கள்.

நண்பர்களே! அடுத்த நாட்டு நலப்பணித் திட்ட முகாமில், கிராமப் பள்ளியின் குழாயடியில் தேங்கும் நீரை எடுத்துக்கொள்வோம். ஒளி ஊடுருவும் குழாயில் நீர் நிரப்பிப் பிள்ளைகளே வாட்டம் பார்க்கட்டும். வாய்க்கால் வெட்டி, சரளையும் மணலும் இட்டு, கல்வாழையும் சேம்பும் அவர்களே நடட்டும். அவ்வூர்க் கொத்தனாரை அழைத்து ஆசிரியர் இடத்தில் நிறுத்துவோம். தந்தையின் தொழிலும் அறிவுதான் என்பதை ஒரு பிள்ளையாவது அன்று உணர்ந்தால், கெடிஸின் பள்ளிக்கூடம் நம்மூரிலும் தொடங்கிவிட்டது என்று பொருள்.